இலையில் வந்த திருநீறு

எங்கள் வீட்டுக்குச் சாமி வந்த கதையை, நான் வளர்ந்த பாலோவில் இன்றைக்கும் சிலர் மறக்கவில்லை. போன மாதம் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும், "ஓ, அந்தச் செடியில திருநீறு வந்த வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ரசத்தில் கவனம் செலுத்தினேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போய்விடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். பாலோ டவுனிலிருந்து சற்றுத் தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் தாமான் என்கிற குடியிருப்பு இருந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள். எங்களுடையது மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் உபரியாகக் கிடைத்திருந்தது. அதில் அம்மா கறிவேப்பிலையையும் அப்பா ஒரு பழைய மோட்டார்சைக்கிளையும் வளர்த்து வந்தார்கள்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு மத்தியான வெயிலில் பொந்தியானிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். கையில் ஒரு துணிப்பை. உடம்பில் முழுக்கைச் சட்டை. அந்த வெக்கையில் யாராவது முழுக்கைச் சட்டை போடுவார்களா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. கேட்டதற்கு, கையில் வெந்நீர் கொட்டிவிட்டது, வெயில் பட்டால் எரிகிறது என்றாள். நான் நம்பினேன். மாமா கை நீட்டுகிற ஆள் என்பது அந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் கல்லில் வெட்டினது மாதிரி இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர், அத்தையைப் பார்த்தார், அந்தச் சட்டைக் கையைப் பார்த்தார், "இது உன் வீடும்மா. போன்னு இங்க யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு குளிக்கப் போய்விட்டார். அத்தை அடுப்படியில் நின்று அழுதாள். அம்மா அவளுக்கு ஒரு குவளை மைலோ கலக்கிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எந்தத் துக்கத்துக்கும் முதல் மருந்து மைலோதான்.

அத்தையின் பையில் உடுப்புகளோடு ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. உள்ளே உமி மாதிரி, அம்பு முனை மாதிரி, காய்ந்த விதைகள். பொந்தியானில் பக்கத்து வீட்டில் இருந்த மக்சிக், ஜாவாவிலிருந்து வந்த குடும்பத்து மலாய்க்காரப் பெண்மணி, 'கெம்பாங் கெர்தாஸ்' என்று சொல்லி வேலிக்கு மேலாக நீட்டியதாம். கெர்தாஸ் என்றால் காகிதம். அம்மாவுக்கு உடனே கவலை வந்துவிட்டது.

"காகிதப்பூவா? அது முள்ளுச் செடியாச்சே. புள்ள ஓடி வெளையாடுற எடம்."

"அது வேற அண்ணி. இதுல முள்ளே கெடையாது. பூத்தா பாருங்க."

பின்னால் அது பூத்தபோது ஒரு பூவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் வகுப்பு டீச்சர் அதைப் பார்த்து ஜினியா என்று பெயர் சொன்னார். என் காதில் சீனியா என்று விழுந்தது. சீனி இல்லாமலா அந்தப் பெயர் வைத்திருப்பார்கள் என்று, வீடு திரும்புகிற வழியில் ஓர் இதழைக் கடித்துப் பார்த்தேன். உண்மையாகவே காகிதத்தைத் தின்ற மாதிரிதான் இருந்தது.

அத்தை மோட்டார்சைக்கிளை ஓர் ஓரமாக உருட்டிவிட்டு நிலத்தைக் கொத்தினாள். கோழிச் சாணத்தை வாங்கிக் கலந்தாள். விதையை நேரே மண்ணில் தூவி விரலால் மூடினாள். எனக்குத் தனியாக ஒரு செடி வேண்டும், முளைத்ததும் மைலோ டின்னில் பெயர்த்து வைத்துக்கொடு என்று கேட்டேன்.

"இது அப்படிப் பேத்து வெச்சா சொணங்கிப் போயிடும்லா. போட்ட எடத்துலயே வுட்டுடணும்."

விதை ஒன்றுவிடாமல் முளைத்துவிட்டது. பாதியைக் களைந்தால்தான் மீதி நன்றாக வரும் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். முளைச்சு வந்துட்டதைப் போய் எப்படிப் பிடுங்குறது அண்ணி, மனசு வரல என்று அத்தை சொல்லிவிட்டாள். அதனால் காலைச் சபையில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு அவை வளர்ந்தன. ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினாள். ஐயோ என்று நான் பதறினேன். கிள்ளினால்தான் பக்கத்தில் கிளை அடிக்கும் என்றாள். தண்ணீரை இலையில் படாமல், பழைய தேநீர்க் கெண்டியால் தூரில் மட்டும் ஊற்றுவாள். மாவு பிசைகிறவள் மாதிரி அவ்வளவு கவனமாகச் செய்வாள். குரல் எழும்பாமல் எதையோ முணுமுணுத்துப் பாடுவாள்.

பூத்தது. சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், நடுவில் ஒன்றிரண்டு வெள்ளை. அடுக்கடுக்கான இதழ், விறைப்பான காம்பு, வாசனை மட்டும் துளிகூட இல்லை. வாசமில்லாத பூவைச் சாமிக்கு எப்படி வைப்பது என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே சாமி படத்துக்கு அதைத்தான் வைத்தாள். எதிர்வீட்டுச் சீனத்தி ஆன்ட்டிகூட வேலியோரம் வந்து நின்று காம்போடு நாலைந்து வாங்கிப் போனார். பூக்க ஆரம்பித்த வாரத்தில் அத்தை சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டாள். தழும்பு வெளுத்துப்போயிருந்தது.

இந்த நேரத்தில்தான் பெரியப்பா பக்கத்து ஊரான சாஆவிலிருந்து வர ஆரம்பித்தார். அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். அத்தைக்கு அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவரும் அவர்தான். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு பிஸ்கட் டின் வாங்கி வருவார். குடும்பத்தில் எங்கே முடிச்சு அவிழ்ந்தாலும் தன் கையால் கட்டியாக வேண்டும் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். மாமா அவர் வீட்டுக்குப் போய்க் கண் கலங்கினாராம். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாராம். பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"பொம்பளப் புள்ள எத்தன நாளைக்குத்தான் அண்ணன் வீட்டுல இருக்கும், சொல்லு?" என்று அப்பாவிடம் கேட்பார். அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே இருப்பார். ஆறின காப்பியையும் ஆற்றுவார்.

அத்தை வேறொரு கணக்கில் இருந்தாள். குளுவாங்கில் உள்ள கையுறைத் தொழிற்சாலைக்குப் பாலோவிலிருந்து வேன் போகும். அதில் போய்வரும் தாமான் பெண் ஒருத்தி, ஆள் எடுக்கும்போது சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டால் பேச்சே வேறு. ஆனால் அதைப் பெரியப்பாவிடம் சொன்னால் முளையிலேயே கிள்ளிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவரிடம் இப்படிச் சொன்னாள்:

"பெரியண்ணே, ஆசையா செடி போட்டுட்டேன். வெத கட்டட்டும், எடுத்துக்கிட்டுப் போறேன்."

பெரியப்பா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நிற்கிற செடியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சரி, வெத எடுத்துட்டு வா என்று சம்மதித்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அத்தைக்கும் எனக்கும் ஒரு வேலை ஏற்பட்டது. காலையில் பள்ளி வேன் வருவதற்கு முன், செடி செடியாகப் போய், வாட ஆரம்பித்த பூவையெல்லாம் காம்போடு கிள்ளிவிட வேண்டும். யார் கூடையில் அதிகம் என்று போட்டி. நான்தான் ஜெயிப்பேன். இந்தச் செடி, வாடினதைக் கிள்ளக் கிள்ள, விட்டேனா பார் என்று புதுப்பூ விடும். பூ செடியிலேயே நின்று காய்ந்தால்தான் அடியில் விதை கட்டும். இது அம்மாவுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

"இப்படித் தெனம் கிள்ளுனா எப்ப வெத கட்டும்?"

"கட்டும் அண்ணி. அதுக்கென்ன அவசரம்" என்று அத்தை சிரித்தாள்.

அம்மா ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு துணி காயப்போடப் போய்விட்டாள். எனக்குப் புரியவில்லை. பெரியப்பா அடுத்த முறை வந்தபோது பாத்தி முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. "இன்னுமா வெத வரல?" என்று கேட்டார். "பூத்துக்கிட்டே இருக்கு பெரியண்ணே, நான் என்ன செய்ய" என்றாள் அத்தை. அவள் முகத்தில் அப்படி ஒரு குறும்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வெயிலே தலைகாட்டாத வாரங்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூப்பறிக்கப் போன அம்மா, தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இலைகளின்மேல் வெள்ளைப் பொடி. ஒன்றிரண்டு இலைகளில் மூன்று விரலால் இழுத்துப் பூசினது போலவே இருந்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. அதை அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தார். அவர் போனில் யாரையோ கூப்பிட்டார். என் பள்ளி வேன் வருவதற்குள் எங்கள் வரிசை முழுக்க வேலியோரம் நின்றது. அத்தை தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்தாள், குனிந்தாள், ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நோய் அண்ணி. மழைக்கு வந்திருக்கு. நெருக்கமா நிக்குதுல்ல, காத்து பூரல. இலையக் கழிச்சு எரிச்சுட்டா…"

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். "சாமி வந்திருக்குற எடத்துல என்ன பேச்சு பேசுற. வாயக் கழுவிட்டு வா."

அம்மா நடிக்கவில்லை. அவள் மனசார நம்பினாள். அத்தைக்காக அவளும் தினமும் வேண்டிக்கொண்டிருந்தவள்தான். வேண்டினதுக்குப் பதில் வந்துவிட்டது என்று அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பாத்தியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். யாரும் ஓர் இலையோ பூவோ பறிக்கக் கூடாது, விரலால் தொட்டு இட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு ஆனது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் வந்தார்கள். காய்ச்சல்காரர்கள் வந்தார்கள். சாஆவிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. பள்ளியில் அதுவரை என்னோடு பேசாத பிள்ளைகள்கூட என் பக்கத்தில் உட்கார இடம் பிடித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு செல்வாக்கோடு நான் அதற்கப்புறம் இருந்ததே இல்லை.

அடியிலைகள் மஞ்சளாகிச் சுருண்டபோது, சாமி உக்கிரமாக இறங்கியிருக்கிறது என்றார்கள். அத்தை பாத்திக்குள் கால் வைக்க முடியவில்லை. வாடின பூவைக் கிள்ளப்போன கையை ஒருநாள் அம்மாவே பிடித்துத் தடுத்துவிட்டாள். அதனால் பூக்கள் எல்லாம் செடியிலேயே நின்று பழுத்து, பழுப்பேறி, காய்ந்தன. சமையற்கட்டு ஜன்னலிலிருந்து அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பாத்திரத்தில் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருக்கும்.

பெரியப்பா வந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நிறைய பேர் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியைச் சுற்றி வந்தார். ஒரு காய்ந்த பூவைத் தொட்டார். அது உதிர்ந்து உள்ளங்கையில் விதையாகக் கொட்டியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கு மேல என்ன வேணும்? வெதையும் கட்டிருச்சு. சாமியே திருநீறு கொடுத்து வழியனுப்புது."

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். வெளியே கிளம்புகிறவர்களுக்குத் திருநீறு பூசி அனுப்புவது எங்கள் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். அது யாருக்கும் தோன்றாமல் போய், பெரியப்பாவுக்குத் தோன்றியதே என்று ஒரு பாட்டையா அவரைப் பாராட்டவும் செய்தார். அம்மாவின் முகம் மட்டும் சட்டென்று மாறியது. இந்தப் பதிலை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் சாமி என்று முதலில் சொன்னவளே அவள்தான், இனி எந்த வாயால் இல்லை என்பாள்?

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அண்ணே, நீங்க வந்து பாருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அப்பாவுக்குத் தோட்டத்தில் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. கன்றுகளை வரிசை வரிசையாகப் பார்த்து, எந்த இலையில் என்ன விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து மருந்தடிப்பதுதான் அவருக்குச் சோறு போட்டது. அப்படிப்பட்டவர் அத்தனை நாளும் வீட்டின் அந்தப் பக்கமே வராமல், முன்வாசல் வழியாகப் போய் முன்வாசல் வழியாகத் திரும்பினார். அன்றைக்கு வேறு வழியில்லை. பாத்தியோரம் குந்தினார். ஓர் இலையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "சாமி விஷயம். இதுல நான் என்னத்தச் சொல்ல" என்றார்.

அத்தை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு, உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். அப்பா சொன்ன சொல் தவறவில்லை. போ என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்த வாரமே மாமா வாடகைக் கார் பிடித்து, புதுப் புடவையோடு வந்தார். பெரியப்பா தன் கையால் இலையைத் தொட்டு அத்தை நெற்றியில் பூசினார். காரில் ஏறும்போது, "அத்த, வெத?" என்று கேட்டேன். "நீயே வெச்சுக்க" என்றாள். தொழிற்சாலைப் பெண் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்ல வந்தபோது, அத்தை போய்ச் சில நாள் ஆகியிருந்தது. அம்மா அவளை வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லி அனுப்பினாள். அடுத்த மழையில் செடியெல்லாம் அழுகிச் சாய்ந்தது. சாமி மலையேறிவிட்டது என்றார்கள்.

மாமாவின் சத்தியம் எத்தனை நாள் நின்றது என்று எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அத்தை முழுக்கைச் சட்டையில்தான் வருவாள். வந்தாலும் சாயங்காலமே கிளம்பிவிடுவாள், எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஓர் இரவுகூட அவள் தங்கவில்லை. மாமா செத்துப்போன வருஷம், அப்பா தானே பொந்தியானுக்குப் போய், நம்ம வீட்டுக்கு வந்துடும்மா என்று கூப்பிட்டார். "இல்லண்ணே, இங்கயே பழகிடுச்சு" என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாளாம். அப்பா திரும்பி வந்து வெகுநேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை வீட்டு முற்றம் முழுக்க இப்போது சிமெண்ட். ஒரு தொட்டிச் செடி கிடையாது.

எனக்கு இப்போது ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடு. இரண்டு வருஷத்துக்கு முன் பால்கனியில் ஜினியா போட்டேன். மழைக்காலத்தில் இலையில் வெள்ளை விழுந்தது. செடிக்கடைக்காரரிடம் ஓர் இலையைக் காட்டியதும், அவர் முழுசாகப் பார்க்கக்கூட இல்லை, பூஞ்சணம், இதை அடி என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். சிரிப்பு வந்தது. காருக்குள் வந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. ஒரு பாட்டில் மருந்து. அதுவும் அப்பாவின் வேலையிடத்தில் அலமாரி நிறைய இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சமும் நினைவுக்கு வந்தது. எல்லாரும் காப்பி குடிக்க உள்ளே போன பிறகு, அப்பா மட்டும் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். என்னைக் கூப்பிட்டு, சோப்பு எடுத்து வந்து குவளையால் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இலையைத் தேய்த்த அந்தக் கட்டைவிரலை, நகக்கண் வரைக்கும், நுரை கட்டத் தேய்த்துக் கழுவினார். கழுவிவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டார். எங்கள் வீட்டில் திருநீறு தொட்ட விரலை யாரும் கழுவமாட்டோம். நெற்றியில் பூசி, ஒட்டியிருக்கிற மிச்சத்தைத் தொண்டைக்குழியில் துடைத்துக்கொள்வோம். பேச்சு வருவதற்கு முன்பே எனக்குப் பழக்கிக் கொடுத்த விஷயம் அது. ஆனாலும் அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றபோது, தோட்டத்து அழுக்கு என்றுதான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா என்றார். ஊற்றினேன்.